மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா?

ஒருவரைப் பைத்தியம் என்று திட்ட பேராக்கில் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொன்னாலே போதும். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா, எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. வசவு மட்டும் போகவில்லை. அதனால் சித்தியவானில் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் கெட்டு நெஞ்சு படபடத்தால் முதலில் கிளினிக், அடுத்து கோயில் பூசாரி, பிறகு யாராவது கைகாட்டும் ஒரு 'ஹீலர்'. மனநல மருத்துவர் வரிசையில் கடைசி. தியானம், மந்திரம், மூச்சுப் பயிற்சி, ஆலோசனை எல்லாம் கலந்து ஹீலர்கள் தரும் இந்த 'முழுமை' சிகிச்சையை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்களும் உண்டு, தலையில் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. இரு சாராரும் யாழ்ப்பாணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் மேலை மருத்துவம் படித்தவர். போர்க்காலத்தில் அவரிடம் வந்த பலர் மனசு சரியில்லை என்று வரவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு எரிவு என்றே வந்தார்கள். அவரும் உடம்பின் வழியாகவே உள்ளே போனார். சாந்தி ஆசனம், பிராணாயாமம். இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபம், முஸ்லிமுக்கு திக்ர், பௌத்தருக்குச் சரணம் என்று ஆளுக்கேற்ற உச்சாடனம். ஆசிரியர்களுக்கும் ஊர்ப்பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். ஒப்பாரியையும் சாவுச் சடங்கையும் மருத்துவத்துக்கு எதிரியாக நினைக்கவில்லை. 1998இல் வந்த அவருடைய நூலின் பெயர் 'ஸ்கார்டு மைண்ட்ஸ்'. 2014இல் வந்தது 'ஸ்கார்டு கம்யூனிட்டீஸ்'. தனி மனசின் வடுவிலிருந்து ஊரின் வடுவுக்கு அவர் வந்து சேர்ந்த பாதை அந்தத் தலைப்புகளிலேயே தெரிகிறது.

தோட்ட லயத்தைவிட்டு மலிவுவிலை வீடுகளுக்குச் சிதறிய நமக்கு ஊரின் வடுதான் நெருக்கம். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தோட்டத் தமிழர்களுக்கு எத்தனை வீட்டில் கருமாதி நடந்திருக்கும்? தோட்டத்தில் ஒரு சாவு என்றால் லயமே கூடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்களும் போன பிறகு துக்கம் அவரவர் வீட்டுக் கதவுக்குள் அடங்கிவிட்டது. பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஓம் சொல்ல வைக்கிறவரை நான் கேலி செய்யமாட்டேன். குறைந்தது அங்கே பத்துப் பேர் கூடுகிறார்கள்.

இந்த முறைகளுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க்கின் குழு 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட மனக்காய நோயுள்ள 64 பெண்கள் பங்கேற்றனர். பத்து வாரம் யோகா செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் நோயின் வரையறையைவிட்டு வெளியே வந்தார்கள். சுகாதார வகுப்பில் மட்டும் இருந்தவர்களில் 21 விழுக்காட்டினர். ஹீலர்களுக்கு இந்த எண் அல்வா மாதிரி. ஆனால் அந்த யோகா மற்ற சிகிச்சைக்குத் துணையாகத் தரப்பட்டது, பதிலாக அல்ல. இதைச் சொல்லும் ஹீலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கண்ணை மூடிப் படுப்பது எல்லாருக்கும் ஆறுதலும் அல்ல. ராத்திரி குடித்துவிட்டு வரும் புருஷனிடம் அடிவாங்கிய ஒருத்தி, சாத்திய அறையில் மல்லாந்து கிடக்கிறாள். தலைமாட்டில் யாரோ நடக்கும் காலடி கேட்கிறது. மூச்சு சீராகாது, முட்டும், கை விறைக்கும். தொழில் தெரிந்தவர் கதவைத் திறந்து வைப்பார், நாற்காலியில் கண் திறந்தபடியே செய்யச் சொல்வார், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வார், போதும் என்றால் நிறுத்துவார். இரண்டு நாள் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவரோ, கெட்ட சக்தி வெளியேறுகிறது, நன்றாக அழுங்கள் என்பார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் தீரும் என்பது பழைய நம்பிக்கை. விபத்து நடந்த கையோடு ஒரே அமர்வில் பேசவைக்கும் முறையை 2002இல் ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பீடு, அதனால் பலன் இல்லை, கேடுகூட நேரலாம் என்றே கண்டது.

இப்படிப்பட்ட ஹீலர்களைத் தட்டிக் கேட்க மலேசியச் சட்டத்தில் ஆள் இல்லை. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவில்லாமல் 'கவுன்சிலர்' என்று தொழில் செய்ய முடியாது. 2016இல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்திய மருத்துவம், ஹோமியோபதி உள்ளிட்ட ஏழு துறைகளைக் கவனிக்கிறது. 'ஹீலர்' என்று அட்டை அடித்துக்கொண்டால் இரண்டு வலையிலும் சிக்காமல் நழுவிவிடலாம். யாழ்ப்பாணத்தில் உச்சாடனத்துக்குப் பின்னால் ஒரு மருத்துவர், மருந்து, வார்டு எல்லாம் இருந்தன. இங்கே பலர் எடுத்துக்கொண்டது உச்சாடனத்தை மட்டும்.

யாழ்ப்பாண முறைக்கும் எல்லை உண்டு. காணாமல் போனவருக்குச் சடங்கு செய்ய முடியாது. அவர் செத்தாரா, இருக்கிறாரா என்பதற்கு எந்தப் பிராணாயாமத்திலும் பதில் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இங்கே புருஷனிடம் அடிபடுகிறவளின் கதையும் இதுதான். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம் என்று சொல்லாமல், கர்மா, மன்னித்துவிடும்மா என்று அனுப்பிவைக்கும் ஹீலர், அவளை அந்தப் புருஷனோடு வாழப் பழக்குகிறார்.