நினைவு ஓர் அலமாரியா? நைசரின் ‘அறிதல் உளவியல்’ நூலைப் படிக்கும் முன்

கல்லூரியில் உளவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களே, ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களே, ‘அறிதல் உளவியல்’ என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது எது? பெரும்பாலும் ஒரு படம்தான். மூன்று பெட்டி, நடுவே அம்புக்குறி: புலன் நினைவு, குறுகியகால நினைவு, நீண்டகால நினைவு. 1968-இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் தந்த மாதிரி அது. வரைந்தால் மதிப்பெண் கிடைக்கும், சரி. ஆனால் நினைவு என்பது உள்ளே வைத்து வெளியே எடுக்கிற அலமாரி என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய நூல் இந்த எண்ணத்தைத்தான் கேள்வி கேட்கிறது. இந்தத் துறைக்குப் பெயரை நிலைநாட்டிய நூலும் அதுவே. கிடைத்த சில எலும்புத் துண்டுகளை வைத்து முழு விலங்கையும் உருவாக்கிக் காட்டுகிறாரே தொல்லுயிர் ஆய்வாளர், மனமும் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார் நைசர். பார்ப்பதும் கட்டுவது, நினைவுகூர்வதும் கட்டுவது. பழைய அனுபவம் அப்படியே திரும்பி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது.

நூலின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். மொத்தம் 11 இயல்கள். பெரும்பகுதி பார்த்தலுக்கும் கேட்டலுக்கும் போய்விடுகிறது. நினைவும் சிந்தனையும் கடைசி இயலில்தான் வருகின்றன. சான்றுகளில் பல, கண நேரம் எழுத்துகளைக் காட்டி மறைக்கும் ஆய்வுக்கூடச் சோதனைகள். நம் வகுப்பறை அப்படியா இருக்கிறது? இதே குறையை 1976-இல் நைசரே தம் அடுத்த நூலில் எடுத்துச் சொன்னார்: அன்றாட வாழ்வை விட்டு விலகிய ஆய்வு போதாது என்றார். தாம் நிறுவிய துறையைத் தாமே விமர்சித்த அந்த நேர்மையை மாணவர்களிடம் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

சரி, இதனால் தேர்வு எழுதுபவருக்கு என்ன பயன்? அலமாரி என்று நம்புகிறவர் திரும்பத் திரும்ப வாசிப்பார். கட்டுவது என்று புரிந்தவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பார். 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் வாசித்தவர்கள் 81 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். வாசித்தபின் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42-க்கு எதிராக 56.

ஆசிரியர்களே, முதல் இயலையும் கடைசி இயலையும் முதலில் படிக்கக் கொடுங்கள். மாணவர்களே, மூன்று பெட்டிப் படத்தை வரையுங்கள். அது எதை விளக்கவில்லை என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். படத்தைப் புரிந்துகொண்டவருக்குத்தான் அந்த இரண்டு வரி வரும்.