காரைக்கால் மாடியில் ஜூனிபர்

ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் ஓமியா போன்சாய்க் கிராமம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவை விட்டு வந்த தோட்டக்காரர்கள் 1925ல் அமைத்த குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஜூனிபர்கள் அங்கே திறந்தவெளியில், பலகை மேல், முழு வெயிலில் நிற்கின்றன. அதே மாகாணத்துக் குமகாயா நகரில் 2018 ஜூலை 23 அன்று 41.1 டிகிரி வெப்பம் பதிவானது. நம் காரைக்காலில் கத்திரி வெயில்கூடப் பெரும்பாலும் 36, 37 டிகிரியோடு நின்றுவிடும். 40ஐத் தொடுவது சில நாள்தான். கடற்காற்று கிளம்பிவிட்டால் அதுவும் தணியும். இருந்தும் அங்கே தழைக்கிற செடி, இங்கே ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் பழுப்பேறிவிடுகிறது. "நம்ம ஊர் வெயில் ஆகாது" என்று பழியை வெயில்மேல் போட்டுவிட்டு, செடி வளர்ப்பவர்கள் தலைக்கு மேலே பச்சை வலை கட்டுகிறார்கள். இந்த வைத்தியம் பாதி சரி. நோயைப் பிடித்த விதம்தான் தவறு.

ஜூனிபர் வெயிலுக்குப் பிறந்த செடி. செதிள் செதிளாகத் தண்டோடு ஒட்டிய இலை, மேலே மெழுகுப் பூச்சு, சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காத உடம்பு. எத்தியோப்பியா, கென்யா நாடுகளில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஜூனிபர் காடுகள் உண்டு. அங்கே அடிக்கும் வெயில் நம்முடையதைவிடச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் அந்தக் காடுகள் பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேலே, மலையில் நிற்கின்றன. இந்தியாவின் சொந்த ஜூனிபர்களும் இமயமலைக்காரர்கள். பகல் எரித்தாலும் இரவு குளிர்ந்துவிடும் இடங்கள் இவை.

காரைக்காலின் இரவு அப்படிப்பட்டதில்லை. மே, ஜூன் மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகும் 27, 28 டிகிரி. ஜனவரி விடியற்காலையில்கூட 20க்குக் கீழே இறங்குவது அரிது. செடி இரவெல்லாம் மூச்சு விடுகிறது. பகலில் இலை சேர்த்த மாவுச்சத்தை எரித்துத்தான் விடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மதிய வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால் வரவு குறைகிறது, வெக்கை இரவில் செலவு கூடுகிறது. ஓமியாவின் செடிக்குக் குளிர்காலம் என்று சில மாத ஓய்வும் கிடைக்கிறது. இங்கே அதுவும் கிடையாது. வெப்ப நாடுகளில் சில ஆர்வலர்கள் குளிர்விரும்பிச் செடிகளைத் தொட்டியோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துச் செயற்கைப் பனிக்காலம் காட்டுவதுண்டு. மீனுக்கும் மாவுக்குமே இடம் போதாத நம் வீட்டுப் பெட்டிக்குள் அதைக் கேட்டால் அடுப்படியிலிருந்து என்ன பதில் வரும் என்று தெரியும்.

இரவைவிட உடனடியாகக் கொல்வது தொட்டி. இதைப் பற்றி நம்மவர்கள் போதிய அளவு கவலைப்படுவதில்லை. தரையில் நிற்கும் மரத்தின் வேர் ஓரடி ஆழத்தில் குளிர்ந்து கிடக்கும். போன்சாய்த் தட்டின் ஆழம் நான்கு விரற்கடை. மொட்டை மாடித் தளத்தில் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்க மண் மாலை மூன்று மணிக்குக் காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும். 38 டிகிரி வாக்கில் வேர் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். 40ஐத் தாண்டி மணிக்கணக்கில் நீடித்தால் நுனிவேர்கள் வேகத் தொடங்கும். வேர் போன செடியால் தண்ணீர் இழுக்க முடியாது. மேலே இலை காய்வதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து ஊற்றுகிறோம். நண்பகலில் அந்தக் குழாயில் வருவது வெந்நீர்.

ஆகவே நிழல் முதலில் தேவைப்படுவது தொட்டிக்கு. இலைக்கு அவ்வளவாக இல்லை. கறுப்புத் தொட்டியை மாற்றிப் பூச்சில்லாத மண் தொட்டி, தளத்திலிருந்து இரண்டடி உயர்ந்த மரப்பலகை, தொட்டியைச் சுற்றி ஈரச் சணல் சாக்கு, தண்ணீர் காலை ஏழு மணிக்குள் ஒருமுறை, வெயில் இறங்கிய பின் தேவைப்பட்டால் இன்னொருமுறை. எந்த வலையும் இந்த எளிய ஏற்பாட்டுக்கு ஈடாகாது. மேற்குச் சுவர் ஓரமாக மட்டும் வைக்கக் கூடாது. பகலில் குடித்த வெப்பத்தை அந்தச் சுவர் பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

பச்சை வலையின் நன்மையை மறுக்கவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை, மேல்காற்று ஈரமின்றி வீசும் நாள்களில், பாதி வெயிலை மறைக்கும் வலை தண்ணீர்ச் செலவைக் குறைக்கும், இலைநுனி கருகாமல் காக்கும். சிக்கல் என்னவென்றால், கோடைக்குக் கட்டிய வலையை யாரும் அவிழ்ப்பதில்லை. வருஷம் முழுக்க நிழலில் நின்றால் ஜூனிபர் கணுவுக்குக் கணு நீண்டு தொளதொளக்கும். உட்புறத் தழை வெளிச்சமின்றி உதிரும். ஆலோ அத்தியோ என்றால் கவலையில்லை, மொட்டைக் கிளையிலும் துளிர்த்துவிடும். ஜூனிபருக்கு அந்த வரம் இல்லை. பச்சை முழுதும் போன கிளை போனதுதான். போன்சாயின் உருவமே உட்தழையை நம்பி நிற்பதால், நிரந்தர வலை செடியை உயிரோடு வைத்துக்கொண்டே சிற்பத்தை அழித்துவிடுகிறது. பதினொரு மணி வரை நேர்வெயில், பிறகு சிதறிய நிழல் என்று கிழக்குப் பார்த்த இடம் கிடைத்தால் வலையே வேண்டாம். வீட்டுக்குள், வரவேற்பறை மேசைமேல் வைப்பதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை. அது தவணை முறைக் கொலை.

ஏமாற்றுவதில் ஜூனிபர் கெட்டிக்காரச் செடி. செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சை காட்டும். மார்கழி, தையில் மலைக்குளிரிலிருந்து வந்திறங்கும் செடி நர்சரியில் தளதளவென்று இருக்கும். சித்திரையில் பழுப்பேறும்போது வாங்கியவர் அந்த வாரத்து வெயிலைத் திட்டுவார். சாவு அதற்கு முன்பே நடந்திருக்கும், பல சமயம் தொட்டி மாற்றிய நாளிலேயே. ஜப்பானிய முறையைச் சொல்லும் நூல்கள் மண் மாற்ற வசந்தத் தொடக்கத்தை, மார்ச் மாதத்தைச் சொல்கின்றன. அங்கே அது குளிர் விலகும் காலம். இங்கே மார்ச்சில் வேரை வெட்டினால், புது வேர் ஓடுவதற்குள் கத்திரி வந்துவிடும். நமக்கு உகந்தது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும். மழைக்காலத்துக்கு வேறு ஆபத்து: ஐப்பசி அடைமழையில் களிகலந்த மண் நீர்கோத்து வேர் அழுகும். மண்ணுக்குப் பதில் சலித்த செங்கல் துண்டும் பருமணலும் முக்கால் பங்கு இருந்தால் தப்பிக்கலாம். கடலோரக் கிணற்றின் உப்புநீரில் வளர்ப்பவர்களுக்கோ, தொட்டியில் தங்கிய உப்பைக் கழுவிவிட அந்த மழையே மருந்து.

இத்தனை பாடும் பட்டால் செடி பிழைக்குமா? சீன ஜூனிபரின் சில தோட்ட வகைகள் பிழைக்கும். புளோரிடாவில் வெப்பம் தாங்குவதற்கென்றே பெயர்பெற்ற பார்சோனி வகையும் உண்டு. ஆனால் புளோரிடாவின் குளிர்காலம் காரைக்காலுக்கு வாய்ப்பதில்லை. பிழைப்பது வேறு, போன்சாயாக முதிர்வது வேறு. கிளை வெட்டி, கம்பி சுற்றி, வளைத்து, ஆண்டுதோறும் செடியைச் சோதிக்கும் கலை இது. சேமிப்பே இல்லாத செடியால் அந்தச் சோதனையைத் தாங்க முடியாது. ஊட்டியில் உறைபனி விழும் வீட்டு முற்றத்துக்கு ஜூனிபரை மனமாரப் பரிந்துரைப்பேன். இங்கே ஒன்றுக்கு மேல் வாங்காதீர்கள் என்பேன்.

ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டுமென்றால் நம் கடற்கரையிலேயே சவுக்கு நிற்கிறது. உண்மையில் அது ஊசியிலை மரமே கிடையாது. ஊசிபோல் தெரிவது பச்சைக் குச்சி. உப்புக்காற்று, மணல், வெக்கை இரவு எதுவும் அதற்குப் புதிதில்லை. இந்தோனேசியர்கள் சவுக்கை முதல்தரப் போன்சாயாக்கிக் காட்டியிருக்கிறார்கள். நாமோ அதைப் பந்தல் காலாகவும் விறகாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கும் ஒரு குறை உண்டு: தண்ணீர் ஒருநாள் தவறினாலும் குச்சிகள் கொத்தாகக் காய்ந்துவிடும். கோடையில் தொட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. ஜூனிபரை அப்படி வைத்தால் வேர் அழுகிவிடும்.