கோணேசர் கல்வெட்டிற் குடியேறிய உழவர்

பிறந்த மண்ணை நீங்கிப் பிறிதொரு நாடு புகுந்து, காடு திருத்திக் கழனி காணுதல் எளிய செயலன்று. அச்செயலைச் செய்தோரைப் பற்றி ஒரு நூல் யாது கூறுகின்றது, யாது கூறாது விடுகின்றது என ஆராய்தல் திறனாய்வின் கடன்களுள் ஒன்றாகும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நாட்டிற் குடிகள் வந்தமர்ந்த வரலாற்றைப் பொருளாகக் கொண்டு எழுந்தது கோணேசர் கல்வெட்டு. அதனை இந்நோக்கில் அணுகுதல் பயனுடைத்து.

பெயர் கல்வெட்டாயினும் இந்நூல் கல்லிற் பொறிக்கப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவ ஏட்டில் வழங்கியது. இதனை இயற்றியவர் கவிராச வரோதயர் என்பர். பண்டிதர் இ. வடிவேல் 1993 ஆம் ஆண்டு இதனைப் பதிப்பித்தார். சோழர் குலத்தவனாகிய குளக்கோட்டு மன்னன் கோணேசருக்குத் திருப்பணி செய்தமையும், கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தமையும், தமிழகத்திலிருந்து குடிகளை வருவித்து நிலம் வழங்கியமையும் இதன் தலையாய செய்திகள். கோயிற் பொருளைப் பேணத் தானத்தாரும், வயல்வினையோடு கோயிற்றொழும்பும் புரிய வரிப்பத்தாரும், அவ்விரு சாராரையும் நெறிப்படுத்த மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனும் வருவிக்கப்பட்டனர் என்று நூல் நவிலும்.

குளக்கோட்டனின் காலத்தைக் கலியுகம் 512 ஆம் ஆண்டு என இந்நூல் வகுக்கின்றது. சூளவம்சமோ கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டினனாகிய இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இணைக்கும். ஆதலின், ஆண்டுக் கணக்கை இந்நூலில் தேடுவார் ஏமாற்றமே அடைவர். காலத்தாற் பிந்திய ஒரு சமுதாயம், தன் உரிமைகளுக்கும் கடமைகளுக்கும் ஒரு தொடக்கம் கற்பித்துக்கொண்ட ஆவணமாகக் கொள்ளின், இந்நூலின் உண்மை வேறு வகையிற் புலப்படும்.

அவ்வாறு கொண்டு நோக்குமிடத்து ஒரு பெருங் குறை கண்ணிற் படுகின்றது. குடிகள் வந்தனர் என்று நூல் கூறும். எவ்வாறு வந்தனர் என்று கூறாது. நிலம் பெற்றனர் என்று கூறும். அந்நிலத்தில் நின்ற மரங்களை வீழ்த்தியவர் யார், முதல் விளைச்சல் வரும்வரை அவர்தம் மக்கள் எதனை உண்டனர் என்று கூறாது. மாரி மழை ஒரு பருவத்திற் பெய்து ஓய, எஞ்சிய திங்கள்களிற் காய்ந்து கிடக்கும் நாடு இது. யானை உலவும் காடும் காய்ச்சலும் இந்நாட்டு உழவனை அண்மைக் காலம்வரை விட்டகன்றில. இவற்றுள் ஒன்றேனும் புலவர் நெஞ்சைத் தொடவில்லை. கொடுத்தவன் பெயரே நூலில் ஓங்கி நிற்கின்றது.

ஆயினும், கூறாது விட்டதைக் கட்டளைகளின் வாயிலாக நூல் தன்னை அறியாமலே உணர்த்திவிடுகின்றது. தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் இடையே நடுநிலை காக்க ஒரு தலைவன் தேவைப்பட்டான் எனின், குடியேறியோரிடைப் பிணக்கு எழும் என்னும் அச்சம் இருந்தமை தெளிவு. தொழும்பு தவறுவோர்க்குத் தீங்கு நேரும் என எச்சரிக்க வேண்டியிருந்தது எனின், சிலருக்கேனும் அத்தொழும்பு பெருஞ்சுமையாயிற்று எனக் கருத இடமுண்டு. குளத்தைக் காக்க வேள்வி வகுக்கப்பட்டது எனின், அக்கரையை நம்பியே பல குடும்பங்களின் உயிர் நின்றது. அவ்வச்சம் வீணன்று. 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பிற நாட்டு நிகழ்ச்சியொன்றோடு ஒப்பிடுமிடத்து இக்குறை மேலும் விளங்கும். வறுமையால் வாடிய சுவிற்சர்லாந்தின் கிளாரசு மாநிலத்து உழவர் 1845 ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, விசுக்கொன்சினில் நியூ கிளாரசு என்னும் ஊரை நிறுவினர். தாய்நாட்டின் பெயரையே புது மண்ணுக்குச் சூட்டிய அவர்களுள் ஒருவராகிய மத்தியாசு டூர்சுட்டு, பயணத்தின் இடர்களை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஆண்டு இடருற்றவனே எழுதுகோலைப் பிடித்தான். ஈண்டு அரசன் புகழ் பாடுவோனே ஏட்டை எழுதினான். வேற்றுமை துன்பத்தின் அளவில் இல்லை. அதனைச் சொல்லும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது என்பதிலேயே உள்ளது.

கந்தளாய்ப் பகுதியிலேயே, பாலமோட்டையில், உண்மையாகவே கல்லிற் பொறித்த சாசனம் ஒன்று கிடைத்துள்ளது. பிராமணப் பெண்ணொருத்தி, இறந்த தன் கணவனின் பொருட்டுக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குக் கொடை வழங்கியதை அது கூறும். அவள் உழவர் குடியினள் அல்லள். எனினும், ஒரு தனி மனையின் இழப்பு அக்கல்லிற் பதிந்துள்ளது. கல்வெட்டு எனப் பெயர் கொண்ட ஏட்டில் இல்லாத ஒரு பெண்ணின் துயர், அச்சிறு சாசனத்தில் உண்டு.

இவ்வளவும் கூறியமையால் கோணேசர் கல்வெட்டின் பெருமை குன்றிவிடாது. பூக்கொய்தல், நெற்குற்றுதல் முதலிய எளிய தொழில்களுக்கும் இறைவன் திருமுன்னர் ஓர் இடமுண்டு எனக் காட்டியது அதன் தனிச் சிறப்பு. போர்த்துக்கீசர் 1620களிற் கோயிலை இடித்த பின்னரும் தம்பலகாமத்தில் வழிபாடு தளிர்த்தமைக்கு அவ்வுரிமை உணர்வும் ஒரு காரணம் எனலாம். ஆனால், உழைத்தோர் பட்ட பாட்டை அறிய அந்நூல் மட்டும் போதாது. கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் ஆகிய பற்றுகளின் ஊர்ப்பெயர்களிலும், வயற்சடங்குகளிலும், முதியோர் வாய்மொழியிலும் அது இன்னும் சிதறிக் கிடக்கின்றது. மறையுமுன் அதனைத் தொகுத்தல் இப்பகுதி மாணவர்க்குரிய பணியாகும்.