முதலாளியும் மானேஜரும்

சண்டைகளில் எத்தனையோ வகை. வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை, மாமியார் மருமகள் சண்டை என்று நம் கதாசிரியர்கள் எழுதித் தீர்த்துவிட்டவை ஒரு புறம் இருக்கட்டும். அவர்கள் கண்ணில் அதிகம் படாத சண்டை ஒன்று உண்டு. கால்பந்துக் கிளப்பின் முதலாளிக்கும், அவரால் வேலைக்கு அமர்த்தப்பட்டு அவராலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்ட மானேஜருக்கும் நடக்கிற சண்டை அது. அது கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதில்லை. ஊர் பார்க்க, பத்திரிகை பார்க்க, சில சமயம் நீதிபதியும் பார்க்க நடக்கிறது.

மானேஜர் என்றதும் கணக்குப் பேரேட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும் மனிதரை வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். ஆட்டக்காரர்களைப் பொறுக்குவது, பழக்குவது, இன்று யார் இறங்குவது, யார் வெளியே உட்காருவது என்று தீர்மானிப்பது எல்லாம் இங்கிலாந்தில் அவர் பாடு. ஜயித்தால் அவருக்கு மாலை. தோற்றால் அவர் தலை. பணம் போட்டவர் வேறு, பேர் வாங்குகிறவர் வேறு. இந்த ஏற்பாட்டிலேயே சண்டைக்கு விதை இருக்கிறது. சினிமாப் படாதிபதியையும் டைரக்டரையும் அறிந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

நான் இதை விளையாட்டு நிருபனாக எழுதவில்லை, எழுதவும் தெரியாது. கதை எழுதுகிறவன் என்கிற ஹோதாவில், இந்தச் சண்டைகளை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் சண்டையின் இரண்டு கட்சிக்காரர்களும் எழுதுகிறார்கள். ஒருவர் அறிக்கை விடுகிறார். மற்றவர் பேட்டி கொடுக்கிறார். பிறகு சுயசரிதை வருகிறது. நடுவில் வழக்கு மனு. இத்தனையும் பிரசுரமாகிற எழுத்து. எழுத்து என்றால் விமர்சனத்துக்கு உரியதுதானே?

இப்போது நான் தங்கியிருப்பது கொல்லிமலைமேல் சோளக்காட்டில். அன்னாசியும் பலாவும் மிளகும் சந்தைக்கு வருகிற இந்த ஊருக்கும் இங்கிலீஷ் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேரும் முட்டை நாமக்கல் பக்கத்து முட்டை. அந்த முட்டைக்கு இன்ன விலை என்று அறிவிப்பது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. 1982-ல் அந்தக் குழு அமைய முன்னின்றவர் பி.வி.ராவ், புனேயில் வெங்கடேஸ்வரா ஹாட்சரீஸ் என்கிற கோழிக்குஞ்சுக் கம்பெனியைத் தொடங்கியவர். அவருடைய மக்களான அனுராதா தேசாயும், வெங்கடேஷ், பாலாஜி என்ற இரு சகோதரர்களும்தான் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் என்ற பழம்பெரும் கிளப்பை 2 கோடியே 30 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்கள்.

பிளாக்பர்ன், நெசவாலைகளால் பிழைத்த ஊர். நம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்த ஊரின் வாசனை உடனே பிடிபடும். அந்த ஊரிலேயே எஃகு வியாபாரத்தில் பணம் சேர்த்த ஜாக் வாக்கர் அள்ளிக் கொட்டியதில், 1995-ல் கிளப் இங்கிலாந்தின் முதல் படியில் சாம்பியன் ஆயிற்று. அவர் காலமான பிறகுதான் விற்பனை நடந்தது. புது முதலாளிகள் வந்து ஒரு மாதம் ஆகுமுன், டிசம்பர் 13-ந் தேதி, மானேஜர் சாம் அல்லர்டைஸ் வெளியே அனுப்பப்பட்டார். கிளப் அப்போது பட்டியலில் 13-வது இடத்தில் இருந்தது. அப்படி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. அடுத்து வந்த ஸ்டீவ் கீன் காலத்தில் ரஸிகர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடுவதாகக் கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தது. 2012 மே மாதம் கிளப் கீழ்ப்படிக்குத் தள்ளப்பட்ட இரவு, யாரோ ஒரு ரஸிகர் உயிருள்ள கோழி ஒன்றுக்குக் கிளப் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டுவிட்டார். ஊர்க் கோபம் இவ்வளவு கச்சிதமாகத் தன் உருவகத்தைக் கண்டுபிடிப்பது அபூர்வம். எந்த அறிக்கைக்கும் அந்தச் சக்தி இருந்ததில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் கீன் ராஜிநாமாச் செய்தார். தம்மைப் போக நிர்ப்பந்தித்துவிட்டார்கள் என்றார். அவருக்குப் பின் ஹென்னிங் பெர்க். இவர் 1995-ல் சாம்பியன் ஆன அதே அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். 57 நாள், 10 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி, வேலை போயிற்று. மிச்ச ஒப்பந்தக் காலத்துக்கு உரிய சம்பளம் 22 லட்சத்து 50 ஆயிரம் பவுனைக் கேட்டு அவர் கோர்ட்டுக்குப் போனார். கிளப் முதலில் கடனை ஒப்புக்கொண்டது. பிறகு, எங்கள் நிர்வாக இயக்குநர் அதிகாரமில்லாமல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று மாற்றிச் சொல்லப் பார்த்தது. நீதிபதி அனுமதிக்கவில்லை. 2013 ஏப்ரலில் பெர்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அதற்குள் அடுத்த மானேஜர் மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாளில் வந்தும் போயும் ஆகிவிட்டது!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த எழுத்து அந்த வழக்கில் வெளிப்பட்ட விவரங்கள்தாம். அவற்றில் வர்ணனை இல்லை, ஆத்திரம் இல்லை. யார் கையெழுத்துப் போட்டார், யாரைக் கேட்டுப் போட்டார், எந்தத் தேதியில் எதை ஒப்புக்கொண்டார்கள் என்று வரிசையாக வருகிறது. அந்த வறட்டு விவரங்களிலிருந்து ஒரு வீடு தெரிகிறது. எஜமானர் கடல் கடந்து இருக்கிறார்; வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது வீட்டிலிருப்பவர்களுக்கே நிச்சயமில்லை. முந்நூறு பக்கச் சுயசரிதை சொல்லாததை இது சொல்லிவிடுகிறது.

சுயசரிதைகளின் குறை, அவற்றில் ஆசிரியரே கதாநாயகர் என்பது மட்டும் அல்ல. “நான் கட்டினேன்” என்கிறார் மானேஜர். “நான் செலவழித்தேன்” என்கிறார் முதலாளி. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்களே, அது எப்படி நேர்ந்தது என்று இருவருமே சொல்வதில்லை. பிரிவைச் சொல்ல வருகிறவன் சேர்க்கையைச் சொல்லாவிட்டால் கதைக்கு அஸ்திவாரம் ஏது?

அதைச் சொல்ல முயன்ற நாவல் ஒன்று உண்டு. டேவிட் பீஸ் எழுதி 2006-ல் வெளிவந்த ‘தி டேம்ண்ட் யுனைடெட்’. அதன் நாயகர் பிரையன் கிளஃப், நிஜ மனிதர். டெர்பி என்ற சின்ன கிளப்பை இரண்டாம் படியிலிருந்து ஏற்றி 1972-ல் சாம்பியன் ஆக்கியவர். அதன் தலைவர் சாம் லாங்சன், லாரித் தொழில் நடத்தியவர். கிளஃப் டெலிவிஷனில் பேசுவதும் பத்திரிகையில் எழுதுவதும் அதிகமாகிவிட்டது என்று தலைவருக்குக் கசப்பு. 1973 அக்டோபரில் கிளஃப் ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். வேண்டாம் என்று கெஞ்சுவார்கள் என நினைத்தாரோ என்னவோ, அவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஊர் ஜனங்கள் அவரைத் திரும்பக் கொண்டுவரக் கிளர்ச்சி செய்து பார்த்தார்கள், நடக்கவில்லை. மறு வருஷம் லீட்ஸ் கிளப்புக்குப் போனார். 44 நாளில் அங்கேயும் வேலை போயிற்று. அன்று மாலையே அவரையும் அவருக்கு முன்னிருந்த மானேஜர் டான் ரெவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து டெலிவிஷனில் பேச விட்டார்கள்.

பீஸின் உத்தி எளிமையானது. லீட்ஸில் கழிந்த 44 நாளையும் ‘நான்’ என்று சொல்கிறார். டெர்பிக் காலத்தை ‘நீ’ என்று சொல்கிறார். இரண்டும் மாறி மாறி வருகின்றன. படிக்கப் படிக்க, இவர் தலைவரோடு சண்டை போடவில்லை, பழைய தன்னோடு சண்டை போடுகிறார் என்பது நமக்கு உறைக்கிறது. அறிக்கையும் சுயசரிதையும் எட்ட முடியாத இடம் இது. கணவனைப் பிரிந்து வந்த பெண், அவனைத் திட்டுகிற சாக்கில் தான் ஏமாந்த காலத்தைத் திட்டிக்கொள்வதில்லையா? அந்த மாதிரி. நாவல் என்ற முறையில் இதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன்.

ஆனால் இரண்டு ஆட்சேபங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, நிஜப் பெயர்களைப் போட்டுக் கற்பனை செய்தது. கிளஃப் 2004-ல் இறந்துவிட்டார். குடும்பத்தார் புத்தகத்தைப் படித்து வருந்தினார்கள். உயிரோடிருந்த பழைய லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸ், தம்மைச் சதிகாரராகக் காட்டியிருப்பதாக வழக்குத் தொடுத்தார். பின் வந்த பதிப்புகளில் சில பகுதிகளை நீக்க வேண்டி வந்தது. கலை என்று சொல்லி ஒருவர் வாயில் அவர் பேசாததைப் போடலாமா? பெயரை மாற்றியிருந்தால் நாவலின் வேகம் சிறிது குறைந்திருக்கும். ஒரு மனிதரின் மானம் மிஞ்சியிருக்கும். அந்தப் பேரத்தில் நான் மனிதர் பக்கம்.

இரண்டாவது, முதலாளி பாத்திரம். கிளஃபின் உள்ளத்தில் இத்தனை அறைகளைத் திறந்து காட்டிய ஆசிரியர், லாங்சனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தன் பணத்தையும் தன் ஊர்ப் பெயரையும் கொண்டுபோய் ஒரு முன்கோபக்கார இளைஞனிடம் ஒப்படைத்த கிழவர் அவர். அவன் ஜயித்த ஜயத்தில் தாம் சிறுத்துப் போனதை உணர்ந்தவர். அவர் இரவில் என்ன நினைத்துப் படுத்தார்? நாவலில் பதில் இல்லை.

இந்தக் குறை பீஸுக்கு மட்டும் உரியதல்ல. நம் தேசத்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள். 2024 ஜூனில் இந்திய அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியதும், பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சைக் கால்பந்து சம்மேளனம் நீக்கிற்று. நாலு நாளில் அவர் நிருபர்களைக் கூட்டி, சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவுக்கு இந்தியக் கால்பந்துக்கு நல்லது என்றார். சம்மேளனம் மறுத்து அறிக்கை விட்டது. கடைசியில் 4 லட்சம் டாலரில் சமரசம். இவ்வளவு பெரிய நாடகத்தில் மனத்தில் நிற்பது யாருடைய குரல்? வெளியேறியவர் குரல்தான். உள்ளே இருப்பவருக்கு வக்கீல் எழுதிய பாஷை. வெளியே போனவருக்குத் தன் சொந்த பாஷை.

நம் இலக்கியத்திலும் இதுவே நடந்திருக்கிறது. பெருஞ்சித்திரனார் இளவெளிமானிடம் போனார். அவன் அற்பமாகக் கொடுத்ததை வாங்க மறுத்தார். குமணனிடம் சென்று யானை பெற்றுவந்து, அதை இளவெளிமானுடைய காவல் மரத்தில் கட்டிவிட்டு, நாங்கள் இப்படிப்பட்டவர்கள், பார்த்துக்கொள் என்கிற தோரணையில் பாடிவிட்டுப் போனார். புரவலனுக்கும் அவனை உதறி வந்தவனுக்கும் நடந்த பகிரங்கச் சண்டைகளில் இதற்கு இணை நான் கண்டதில்லை. பிளாக்பர்ன் கோழிகூட இந்த யானைக்குப் பின்னால்தான். ஆனாலும் ஒன்று. இளவெளிமான் பாட்டு எழுதவில்லை. அவன் பண்டாரத்தில் அன்று என்ன இருந்ததோ, தமையன் சாகிற வேளையில் அவன் மனம் எப்படி இருந்ததோ, நமக்குத் தெரியாது. இந்தக் கொல்லிமலைக்கு உரிய ஓரியை வன்பரணர் பாடினார். அதனால் ஓரி வள்ளல். சொல் கைவசம் உள்ளவன் யார் பக்கம் நின்றானோ அந்தப் பக்கம் வரலாறு நிற்கிறது. நான் சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் என்பதாலேயே இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் தோப்புக்காரருக்கும் தகராறாம். இருவரும் சந்தை நடுவில் நின்று கத்திவிட்டுப் போனார்களாம்.

“யார் பக்கம் நியாயம், பெரியவரே?” என்றேன்.

“ரெண்டு பேரும் நியாயந்தான் பேசறாங்க, ஐயா. மரத்துக்குத் தண்ணி ஊத்தறது நானு. என்னை யாரும் கேக்கல்லே” என்றார்.

முதலாளி, மானேஜர் சண்டைக் கதைகள் அனைத்திலும் விடுபட்டுப் போகும் மூன்றாவது ஆள் இவர்தான். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், பிறகு தன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர். மானேஜருக்கு வேறு கிளப் கிடைக்கும். கிளஃபுக்குக் கிடைத்தது, நாட்டிங்ஹாமில் 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையே வாங்கினார். முதலாளிக்கு வேறு தொழில் இருக்கிறது. ரஸிகருக்கு மாத்திரம் வேறு கிளப் கிடையாது. பிளாக்பர்ன் 2017-ல் மூன்றாம் படிக்கு இறங்கியபோதும் அவர் அங்கேதான் போனார்.

பீஸின் நாவலைச் சிபாரிசு செய்கிறேன், மேலே சொன்ன ஆட்சேபங்களோடு. மானேஜரின் கதை நன்றாகவே எழுதப்பட்டுவிட்டது. புனேயில் உட்கார்ந்து, கண் காணாத ஊரில் தம் பெயரைச் சொல்லி ஜனங்கள் கோழியைப் பறக்கவிடுவதைத் திரையில் பார்த்த ஒரு குடும்பத்தின் கதையை யாரும் எழுதவில்லை. டிக்கெட் வாங்கி மழையில் நின்றவரின் கதையையும் யாரும் எழுதவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதக் கூடியவர் வந்தால் அவர் புத்தகத்தை நான் காசு கொடுத்தே வாங்குவேன். ஓசிப் பிரதிக்குக் கடிதம் எழுத மாட்டேன்.