கொள்கலனும் உறவும்: டாரன்ஸின் நூல் குறித்து ஒரு மதிப்பீடு

கிறிஸ்து பரத்திலிருந்து இறங்கினார், பரமேறினார் என்று நாம் அறிக்கையிடும்போதே ‘எங்கிருந்து, எங்கே?’ என்னும் வினா எழுகிறது. இதனை எதிர்கொண்ட நூல்களுள் குறிப்பிடத்தக்கது, ஸ்காட்லாந்து இறையியலார் தாமஸ் எஃப். டாரன்ஸ் 1969இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ், டைம் அண்ட் இன்கார்னேஷன்’ ஆகும். இடத்தைப் பொருள்களை அடக்கும் கொள்கலனாகக் கருதியதே குழப்பத்திற்கு வேர் என்கிறார் அவர். குமாரன் அக்கொள்கலனுள் அடங்கினாரெனில் பரலோகம் வெறுமையாயிற்றா என்னும் தர்க்கம் அதனின்று பிறந்ததே. நிசேயா பிதாக்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. ஐன்ஸ்டீனும் நியூட்டனின் கொள்கலனை உடைத்தார் என்பது அவர் வாதம்.

இதன் அறிவியற் பகுதி பெரிதும் சரியே. 1915ஆம் ஆண்டின் பொதுச் சார்பியலின்படி பொருள் காலவெளியை வளைக்கிறது. காலவெளி பொருளின் பாதையை வகுக்கிறது. சேலத்தினும் சுமார் 1,200 மீட்டர் உயர்ந்த ஏற்காட்டு ஒண்டிக்கடையில் மிகத் துல்லியமான கடிகாரம் ஒன்றை வைத்தால், அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 மைக்ரோவினாடி முந்தி ஓடும். பூமியின் பொருண்மையே இதற்குக் காரணம். 1960இல் பவுண்ட், ரெப்கா என்போர் 22.5 மீட்டர் உயரத்திலேயே இவ்விளைவைக் கண்டறிந்தனர். அதற்கு முன்னரே நம் கோடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் சூரிய நிறமாலையில் இதனைத் தேடினார்.

எனினும், இவ்வாதத்தைப் பிரசங்க மேடைக்குக் கொணர்வோர் ஒரு படி தாண்டிவிடுகின்றனர். பொருள் இல்லையேல் காலமும் இடமும் இல்லையென இயற்பியல் நிரூபித்துவிட்டதாகவும், ஆகவே ஆதியாகமம் மெய்ப்பிக்கப்பட்டதாகவும் கூறுகின்றனர். ஐன்ஸ்டீனே 1921இல் அவ்வாறு பேசியதுண்டு. ஆனால் பொருளே அற்ற பிரபஞ்சமும் அவருடைய சமன்பாடுகளுக்கு இசைந்ததே என்று டி சிட்டர் 1917இலேயே காட்டியிருந்தார். 2015இல் முதன்முறையாக நேரடியாகப் பதிவான ஈர்ப்பலைகள், வெற்றிடத்தினூடே ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டு கடந்துவந்த காலவெளியின் அதிர்வுகள். ஆகையால் காலவெளி செயலற்ற கலமும் அன்று, பொருளின் வெறும் நிழலும் அன்று. கொள்கலனா, உறவா என்னும் டாரன்ஸின் இருகூற்றுப் பகுப்பு இதற்குப் போதாது.

இதனால் விசுவாசத்திற்கு நட்டமுண்டோ? இல்லை. காலமும் சிருஷ்டியே என்று அகுஸ்தீன் போதித்தது சார்பியலைக் கற்றன்று, சிருஷ்டிகரை அறிந்தே. பொருளின்றிக் காலவெளி நிற்கக்கூடுமாயினும் அதுவும் படைக்கப்பட்டதே. காணப்படுகிறவை, காணப்படாதவை அனைத்தையும் படைத்தவர் அவரே என்பதே நம் அறிக்கை. இவ்வுபதேசத்தை இயற்பியலின் ஒரு விளக்கத்தில் தொங்கவிடும் போதகர், அவ்விளக்கம் திருத்தப்படும் நாளில் சபையாருக்கு என்ன சொல்வார்?

டாரன்ஸின் நூல் தவறான உருவகத்தினின்று நம்மை விடுவிக்கிறது, அதுவே பெருந்தொண்டு. அதனிடம் நிரூபணத்தைத் தேடாமல் மாணவர்கள் அதனைக் கற்பார்களாக.