புளிப்பின் வாசனை

சுங்குவார்சத்திரத்தில் நான்கு வருடம் இருந்தேன். மின்னணுத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு மாடி அறை எடுத்திருந்தோம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது டாஸ்மாக் கடை மூடியிருக்கும். வாசலில் கூட்டம் மட்டும் கலைந்திருக்காது. நாங்கள் சாலையைக் கடந்து மறுபக்கமாக நடப்போம். பியர் என்றால் எங்களுக்கு அந்த மறுபக்கம்தான்.

எனக்குப் பியர் பிடிக்கும் என்று இப்படியொரு தொகுப்பில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. தோழிகளே முகம் சுளிக்கலாம். எனக்கே பாதி சுளிப்பு உண்டு. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த இலவச சைக்கிளை என் அப்பா இரண்டே மாதத்தில் விற்றுக் குடித்தார். கொடுத்ததும் அரசு, அந்தக் காசை வாங்கிக்கொண்டு பாட்டில் நீட்டியதும் அரசு. அந்த வீட்டில் வளர்ந்த பெண் மதுவின் சுவையைப் பற்றிப் பேசுவதா?

பேச வைத்தது பெங்களூர். எங்கள் தெருமுனையில் ஓடும் அதே நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் ஆறு மணி நேரம். கர்நாடகம் 2010 வாக்கில் விதிகளை மாற்றி, விற்கும் இடத்திலேயே பியர் தயாரிக்க அனுமதித்தது. அதற்குப் பிறகு இந்திராநகர், கோரமங்களா பக்கமெல்லாம் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பு நிறத் தொட்டிகள் முளைத்தன. அறைத்தோழி ஒருத்தி வேலை மாறி அங்கே போயிருந்தாள். அவளும் அவளுடன் வேலை செய்யும் ஒரு பையனும் என்னை அப்படியொரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மரப்பலகையில் நான்கு சின்ன கிளாஸ் வந்தது. அவற்றின் விலை என் ஒருநாள் சம்பளத்தைவிட அதிகம். விளக்கவந்தவர் கடைசிவரை அந்தப் பையனைப் பார்த்தே பேசினார். பில்லையும் அவன் பக்கம்தான் வைத்தார். கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஈஸ்ட் செய்யும் வேலை அது என்றார். கறுப்பு பியருக்கு வறுத்த தானியம். நான்காவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனபோது நான் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றேன். ராத்திரி கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழின் வாசனை. அவர் அதற்கு ஆங்கிலத்தில் ஏதேதோ பழங்களின் பெயரைச் சொன்னார். "இது கூழுதானே அண்ணா?" என்று கேட்டேன். சிரித்தார்.

சிரிக்க ஒன்றுமில்லை. புளிப்பு பியரைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. கூழையும் தோசைமாவையும் பழைய சோற்றையும் புளிக்கவைப்பதும் அதே கூட்டம்தான். பியரின் முதல் வேலை தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, பதமான நேரத்தில் காயவைத்து முளையை நிறுத்துவது. முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் பின்னால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் சாராயத்தை உண்டாக்கும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அம்மா கேழ்வரகைத் துணியில் கட்டி முளைவிட்டு, நிழலில் உலர்த்தி, வறுத்து அரைப்பாளே, அது இந்த முதல் வேலைதான். கடையில் 'ராகி மால்ட்' என்றே விற்கிறார்கள். ஆனால் இதே கையறிவு தொட்டிக்குள் போனதும் கைவினை ஆகிவிடுகிறது, ஆண் ஆகிவிடுகிறது, அதற்கு விளக்கம் சொல்ல ஆள் வந்துவிடுகிறது. உள்ளூர் பியர் என்கிறார்கள். ஹாப்ஸ் பெரும்பாலும் கடல்கடந்து வருகிறது. உள்ளூர் நாக்கு ஒன்று 'கூழ்' என்று சொன்னால் மட்டும் வேடிக்கை.

பெங்களூர் பியரின் பெருமையைச் சொல்பவர்கள் கிரண் மஜும்தார் ஷாவை ஒரு வெற்றிக்கதையாக நடுவில் செருகுவார்கள். அப்பா யுனைடெட் புரூவரீஸில் தலைமைத் தயாரிப்பாளர். மகள் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் அதே படிப்பைப் படித்து 1975இல் தேறினார். வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஊர் திரும்பியபோது, இது ஆண்கள் வேலை என்று பியர் ஆலைகள் கைவிரித்தன. 1978இல் அவர் தொடங்கிய பயோகான் முதலில் செய்தது நொதிகள். தடையைத் தாண்டிக் கோடீஸ்வரியானார் என்று இதைப் படிக்கலாம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. இன்று பியர் நகரம் என்று மார்தட்டும் ஊர், கையில் கிடைத்த தேர்ந்த தயாரிப்பாளரைப் பெண் என்பதற்காக வெளியே அனுப்பியது. அவர் எப்படிப்பட்ட பியரைத் தயாரித்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

நம் பக்கமும் இந்த மறதி உண்டு. காஞ்சியை ஆண்ட இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைக்கும் முறை இருக்கிறது. பியரேதான். செய்தவர் ஆணா பெண்ணா என்று பாட்டு சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அகநானூறு கள் விற்கும் பெண்களை 'அரியற் பெண்டிர்' என்று கூசாமல் அழைக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலை, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைத்துத்தான் தொடங்குகிறது. 1953இல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் திருநீறு பூசி நடித்த ஔவைக்குப் பிறகு, அந்த ஔவையை யார் தேடுகிறார்கள்?

இந்தியாவில் மதுவுக்குப் பெண் பட்ட அடியை ஒதுக்கிவிட்டு இதைச் சொல்ல முடியாது என்பார்கள். ஒதுக்கவில்லை. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கைக்குப் போனது. 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராக நின்ற பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்தப் பெண்ணோடுதான் நான் நிற்கிறேன். ஆனால் குடிப்பது ஆணின் உரிமை, தடுப்பது பெண்ணின் கடமை என்ற பங்கீட்டை எங்கள் மேடைகளும் கேள்வி கேட்பதில்லை. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப்பிரிவைச் செல்லாது என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2007 டிசம்பர்வரை ஆனது. பெண்ணைப் பாதுகாப்பதாகச் சொல்லி அவளையே அடைத்துவைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். படுக்கைகளை எண்ணிக் கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து அத்தனை பேரும் உட்கார்ந்து ஒரு டீயைக் கூட ஆறஅமரக் குடிக்க இந்த வட்டாரத்தில் இடம் எங்கே? டீக்கடை பெஞ்சில் ஆண்கள் இருப்பார்கள். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் வண்டி வேகம் குறையும். இந்த நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்து நான் அறிந்தது ஒரே ஒரு முறை, 2021 டிசம்பரில். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு உட்கார்ந்தார்கள்.

பெங்களூரில் அன்று எனக்குப் பிடித்தது பியர் மட்டுமல்ல. இரண்டு மணி நேரம் யாரும் எங்களை எழுப்பவில்லை. அதற்குத்தான் ஒருநாள் சம்பளம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது; அது அதிகம்தான்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் முளைகட்டுவது, புளிக்கவைப்பது எல்லாவற்றையும் சொன்னேன். குடித்தேன் என்பதையும். கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கசக்குமா?" என்றாள்.

"ஒண்ணு கசக்கும். ஒண்ணு புளிக்கும்மா."

"புளிச்சது பரவால்ல," என்றாள்.