விலாசமும் வாரிசும்

அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், கடையின் பொன்விழா என்று ஏதேனும் ஒரு நல்ல நாளை ஒட்டிக் குடும்ப மலர் அச்சிடுவது சென்னை வணிகக் குடும்பங்களில் ஊன்றிவிட்ட வழக்கம். தியாகராய நகரில் கடை வைத்திருப்பவர்களானாலும், அடையாற்றில் குடியேறிவிட்ட செட்டிநாட்டுக் குடும்பங்களானாலும், மயிலாப்பூரின் பழைய வீடுகளானாலும் மலரின் நடுவில் இருப்பது ஒரே படம்தான்: உச்சியில் ஒரு மூதாதை, அவருக்குக் கீழே மகன்கள், அவர்களுக்குக் கீழே மகன்களின் மகன்கள். அரசு ஆவணக் காப்பகம் அக்கறை கொள்ளாத எத்தனையோ செய்திகளை இந்த மலர்கள் காப்பாற்றித் தருகின்றன. அதனால் இவற்றைத் தற்பெருமை என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் இந்தப் படத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வணிகம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இரத்தத்தின் வழியே இறங்கி வருகிறது என்ற நம்பிக்கை அது. சென்னையின் வணிக வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இங்கே முதல் கைமாறியது கடனின் வழியாக, சம்பந்தத்தின் வழியாக, தத்தின் வழியாக, உயிலின் வழியாக. வாரிசு வழி அவற்றுள் ஒன்று. எப்போதும் முதன்மையானதும் அல்ல.

வம்சாவளி தன் முழு வலிமையோடு இயங்கும் இடத்திலிருந்தே தொடங்குவது முறை. நகரத்தார் சமூகத்தில் குடிவழிக் கணக்கு குடும்பத்தின் கையில் மட்டும் இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். திருமணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலிருந்தும் பெண் வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும். மணமான தம்பதி கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாகி வரி செலுத்துவார்கள். பெண் வீட்டார் கொடுக்கும் சீரும் பணமும் இசைகுடிமானம் என்ற மண ஒப்பந்தத்தில் எழுதப்படும். பிள்ளை இல்லாதவர்கள் அதே கோயில் பங்காளிகளிடமிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள்; அதையும் சமூகம் அறியவே செய்வார்கள். ஒரு குடும்பம் தன் முன்னோரைப் பற்றி நினைத்தபடி எழுதிவிட முடியாமல் வெளியே ஒரு சாட்சி நிற்கிறது என்பதுதான் இதன் சிறப்பு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் எழுத்துப் பிணை இல்லாமலே ஒருவருக்கொருவர் பெருந்தொகைகளைக் கொடுத்து வாங்க முடிந்ததற்கு இந்தச் சாட்சி ஒரு முக்கியக் காரணம். ஒருவன் யார் மகன், யார் மருமகன், எந்தக் கோயில் என்று தெரிந்தால் அவன் நாணயத்துக்குப் பொறுப்பேற்கும் நாலு வீடுகள் தெரிந்துவிடும். அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில் நகரத்தாரின் சாதி அமைப்பையே ஒரு வங்கி அமைப்பாகப் படித்துக் காட்டியது இதனால்தான். அங்கே வம்சாவளி சுவரில் மாட்டும் படமாக இருக்கவில்லை. கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய உதவும் கருவியாக இருந்தது.

இவ்வளவு கறாரான முறையிலும் பெரிய ஓட்டைகள் உண்டு. நகரத்தார் நிறுவனங்களின் விலாசத்தை, அதாவது அவற்றின் முதலெழுத்துப் பெயரை, எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் குடும்ப விலாசம் எஸ்.ஆர்.எம்.எம்.; அந்த எழுத்துகள் முன்னோரான ஆண்களின் பெயர்களிலிருந்து வந்தவை. விலாசத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே ஒரு சின்ன வம்சாவளி. ஆனால் அந்தக் கடைகளில் புழங்கிய பணத்தில் ஆச்சிமார் பணம் என்று தனிப் பற்றாக ஒரு பங்கு இருந்தது. பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தொகை நிறுவனத்தில் வட்டிக்குப் போடப்பட்டு, அவரவர் பெயரிலேயே கணக்கில் ஏறியது. பேரேட்டில் இடம் பெற்ற ஆச்சி விலாசத்தில் இடம் பெறவில்லை. குடும்ப மலரின் மரத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மனைவியாக மட்டும் வருகிறார், சில மலர்களில் அதுவும் இல்லை. அதேபோல் ‘கொண்டுவிற்கப் போனவர்களின்’ கதை. ரங்கூன் கடையைக் கட்டிக்காத்தவர் பல நேரங்களில் முதலாளியின் மகன் அல்ல. வேறு வீட்டுப் பிள்ளை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி, மூன்றாண்டுத் தவணையில் கடல் கடந்து போனவர் அவர். தவணை முடிந்து திரும்பி வந்து தனக்கென்று கடை போட்டவர்கள் உண்டு. தொழில் கற்றுக்கொடுத்த வழியை வைத்து ஒரு மரம் வரைந்தால் அது இரத்த வழி மரத்திலிருந்து வெகுவாக விலகியே நிற்கும். வணிகத்தைப் புரிந்துகொள்ள எது உதவும் என்று கேட்டால், நான் முதலாவதைத்தான் கேட்டு வாங்குவேன்.

ஐரோப்பியருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த சென்னைப் பட்டணத்தின் துபாஷிகளிடம் இந்த விலகல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பச்சையப்ப முதலியார் 1754இல் பிறப்பதற்கு முன்பே தகப்பனை இழந்தவர். தாய் பட்டணத்துக்கு வந்து அடைக்கலம் புகுந்தது பவுனி நாராயண பிள்ளையிடம். பவுனி என்ற ஆங்கில வணிகரின் துபாஷி அவர். எசமானரின் பெயரே அவர் பெயரின் முன்னால் ஒட்டிக்கொண்டது. பச்சையப்பருக்குத் தொழிலும் தொடர்புகளும் வந்தது அந்த வீட்டிலிருந்து. பிறகு அவர் சேர்த்த செல்வத்தை ஏற்க ஆண் வாரிசு இல்லை. 1794இல், நாற்பது வயதில் மறைந்தபோது உயிலில் பெரும்பகுதியைத் தர்மத்துக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பணம் பல ஆண்டுகள் வழக்கில் சிக்கி, சென்னை சுப்ரீம் கோர்ட்டின் வழியாக மீண்டு, 1842இல் பள்ளிக்கூடமாகி, பின்னர் கல்லூரியானது. வம்சாவளி முறைப்படி வரைந்தால் பச்சையப்பருக்கு மேலே ஒரு கோடு உண்டு, கீழே சட்டென்று நின்றுவிடுகிறது. அவரை ஆளாக்கியவருக்கும் அவரால் ஆளானவர்களுக்கும் அந்தத் தாளில் இடமே இல்லை.

இவர் ஒரு விதிவிலக்கு என்று சொல்லத் தோன்றும். தென்சென்னை நிலமே அதை மறுக்கிறது. ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி இருக்கிறது. ஆர்பத்நாட் நிறுவனத்தில் கூட்டாளியாக இருந்த போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டி மான்டியின் சொத்து அது. ஒரே மகன் இளம் வயதில் இறந்துபோனான். 1821இல் டி மான்டி மறைந்தபின் உடைமைகள் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் அறப்பணிகளுக்குப் போயின. இன்று அவற்றைக் கவனிப்பது சாந்தோமில் இருக்கும் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம். அவர் அடங்கியிருப்பது தானே எழுப்பிய கோவளம் மாதா கோயிலில். அவரை எடுத்துச் சொல்லப் பேரப்பிள்ளைகள் இல்லாத வெற்றிடத்தில் பேய்க்கதை புகுந்தது. 2015இல் அது திரைப்படமாகவும் வந்துவிட்டது. சைதாப்பேட்டைக்கு வந்தால் 1726இல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் செலவுதான். பழைய பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. உஸ்கான் எங்கள் பாட்டனார் என்று உரிமை கொண்டாடும் குடும்பம் இந்த ஊரில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, நகரத்தின் முகத்தை மாற்றிய வணிகர்களில் பலர் வழித்தோன்றல் இல்லாதவர்கள். சொல்லப்போனால், வாரிசு இல்லாததால்தான் அவர்கள் செல்வம் பாகப்பிரிவினையில் கரையாமல் பொதுச் சொத்தாக நின்றது. வம்சாவளிகளை மட்டுமே அடுக்கி வணிக வரலாறு எழுதினால் தப்பிப் பிழைத்த குடும்பங்களின் வரலாறுதான் கிடைக்கும். அதைக் கொண்டு, குடும்பத் தொடர்ச்சியே இந்த ஊரைக் கட்டியது என்று முடிவுக்கு வந்தால் அது சான்றுகளைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

இதே சிக்கல் குடியேற்றக்கால அமெரிக்காவையும் நம் கோட்டையையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். கம்பெனிச் சம்பளத்தைவிடத் தன் சொந்த வியாபாரத்திலும் வைர வணிகத்திலும்தான் அவர் செல்வம் சேர்த்தார். மகன் டேவிட் குழந்தையாக இறந்துவிட்டான். அவன் கல்லறை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது. ஆண் வாரிசைத் தேடி அமெரிக்காவிலிருந்து உறவுக்காரப் பையனை வரவழைத்துப் பார்த்த யேலின் பெயர் கடைசியில் நிலைத்தது ஒரு கல்லூரியால்தான். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், அரசரின் ஓவியமும் கனெக்டிகட்டில் இருந்த அந்தச் சிறு கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அவரது குடும்பத்தினரைக் காட்டும் ஓர் ஓவியம் யேல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உறவினர்களோடு, கழுத்தில் உலோகப் பட்டை பூட்டிய ஒரு அடிமைச் சிறுவனும் நிற்கிறான். சுற்றியிருப்பவர்கள் யார் யார் என்று ஆராய்ந்து பெயர் சொல்கிறார்கள்; சிறுவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை. யேல் ஆளுநராக இருந்த காலத்துக் கோட்டை ஆவணங்களில் அடிமைகளைக் கப்பலேற்றும் உத்தரவுகள் இருப்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால், குடும்பம் என்ற சட்டகத்துக்குள் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பது புரியும்.

முன்னோரின் குற்றத்தைத் தோண்டினால் இன்றைய பிள்ளைகளுக்கு அவமானம்தானே என்று ஒரு ஆட்சேபம் வரும். அதற்கு மிக நல்ல பதில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த பிரவுன் குடும்பத்தில் இருக்கிறது. நிக்கலஸ், ஜோசப், ஜான், மோசஸ் என்ற நான்கு சகோதரர்கள் 1764இல் ‘சாலி’ என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அடிமைகளாக வாங்கப்பட்ட 196 பேரில் குறைந்தது 109 பேர் இறந்தார்கள். பிற்காலத்தில் மோசஸ் தன் அடிமைகளை விடுவித்து அடிமை வணிகத்தை எதிர்த்தார். ஜான் கடைசிவரை அதை ஆதரித்தார். இருவரும் ஒரே மரத்தின் கிளைகள். மரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவர்களிடையே வேறுபாடே தெரியாது. கப்பலின் கணக்குப் புத்தகம்தான் ஒவ்வொரு சாவையும் வரிசையாகச் சொல்கிறது. அது நமக்குக் கிடைத்ததும் குடும்பத்தின் காகிதங்கள் பத்திரமாக இருந்ததால்தான். பிரவுன் பல்கலைக்கழகம் 2003இல் குழு அமைத்து 2006இல் அறிக்கை வெளியிட்டபோது அந்தக் காகிதங்கள் சான்றாக நின்றன. மறைக்காமல் காத்து வைத்ததால் அந்தக் குடும்பத்தைப் பற்றிய பேச்சு வசையாகச் சுருங்காமல் வரலாறாக விரிந்தது. நம் பக்கத்தில் அவதானம் பாப்பையாவைப் பாருங்கள். கம்பெனி அதிகாரிகளான ஹாலண்டு சகோதரர்களின் துபாஷியாக இருந்து அதிகாரம் செலுத்தி, ஓர் ஆங்கில அதிகாரிக்கு எதிராகச் சதி செய்ததாக 1792இல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது அந்த வழக்கின் தாள்களும், வால்டர் ஸ்காட் 1827இல் எழுதிய கதையில் அவரை வைத்து வரைந்த வில்லனும், சூளையில் ஒரு சாலைப் பெயரும். அவர் பக்கத்துக் கணக்கு ஒன்றுகூடக் கிடைக்காததால் தீர்ப்பு ஒருபக்கமாகவே நின்றுவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட நியாயமானது. குடும்ப மலர் குடும்பத்துக்காக அச்சிடுவது. அதில் ஏஜெண்டையும் வேலையாளையும் கடன்பட்டவரையும் ஏன் தேட வேண்டும்? வம்சாவளி வீட்டுக்குள்ளேயே இருந்தால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது வீட்டுக்குள் இருப்பதில்லை. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று சொல்ல அது முன்வைக்கப்படுகிறது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் பரம்பரை அறங்காவலர் என்ற உரிமையை ஏற்கிறது. அந்த வழக்குகளில் வம்சாவளி சான்றாவணமாகிறது. தெருப் பெயருக்கும் சிலைக்கும் அதுவே துணை நிற்கிறது. பொது உரிமை கேட்டு வரும் ஆவணம் பொதுச் சோதனைக்கும் உட்பட வேண்டும். மரபணுச் சோதனை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்ற புதிய நம்பிக்கையும் இங்கே உதவாது. பிள்ளை கூட்டி வளர்ந்த வீட்டில் விலாசத்தைக் காத்தவர் கூட்டிய பிள்ளைதான். அவர் இரத்த வழியில் சொந்தப் பிள்ளை இல்லை என்று எச்சிலைப் பரிசோதித்துச் சொல்வதால் வணிகத்தைப் பற்றி நாம் புதிதாக எதையும் அறியப்போவதில்லை.

குடும்பங்களுக்கு வெளியே நடந்த சேர்க்கைக்கு மயிலாப்பூரே ஒரு எடுத்துக்காட்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பல குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று நகரத்தாரின் மூலதனத்தைச் சேர்த்து 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். எந்தச் சாதியின் வம்சாவளியும் இந்தக் கூட்டாளித்தனத்தைக் காட்டாது. ஆகவே இனி மலர் தொகுக்கும் குடும்பங்களிடம் கேட்க வேண்டியது மரத்தைக் கைவிடும்படி அல்ல; அதன் பக்கத்தில் வேறு சிலவற்றையும் சேர்க்கும்படி. வந்த மருமகள்களின் பிறந்த வீடும் அவர்கள் கொண்டுவந்த தொகையும், கடையை நடத்திய ஏஜெண்டுகளின் பெயர்களும், கூட்டுச் சேர்ந்து பிரிந்தவர்களும், தத்தும், வழக்கும் அதில் வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம் பரணில் கிடக்கும் பேரேடுகளும் ஐந்தொகைகளும்தான். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது முதலில் காகிதக் கடைக்குப் போவது அவைதான். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் தன் ஆயுள் முழுதும் சேர்த்த புத்தகங்களிலிருந்தும் துண்டுத் தாள்களிலிருந்தும் உருவானது. வீட்டை இடிக்கும் முன் அப்படி ஓர் இடத்துக்குச் சொல்லி அனுப்பிக் கணக்குகளைப் படியெடுத்து வைத்துவிட்டால், அடுத்த மலரைத் தொகுப்பவர் பெரியப்பாவின் நினைவை மட்டும் நம்பி எழுத வேண்டியிருக்காது.